பூங்காச் சாவி யாரிடம்? பூங்காப் பணத்தை வார்டு குழு கண்காணிக்க ஒரு முழு வழிகாட்டி

பூட்டுத் தொங்கும் பூங்காவைப் பார்த்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான். பக்கத்துக் கடைக்காரர் கவுன்சிலர் வீட்டைக் கை காட்டுவார். கவுன்சிலர் அலுவலகத்தைச் சொல்வார். அலுவலகத்தில், ஒப்பந்தக்காரர் இன்னும் ஒப்படைக்கவில்லை என்பார்கள். ஒப்பந்தக்காரரைப் பிடித்தால், கடைசி பில் வரவில்லை என்பார். அந்தப் பூங்காவின் பணக்கதை முழுவதும் இந்த நாலு பதிலுக்குள் இருக்கிறது.

நான் உள்ளாட்சியில் பணி மேற்பார்வையாளராக, ஊர்வழக்கில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவன். அளவுப் புத்தகமும் டேப்பும்தான் என் ஆயுதங்கள். இப்போது வார்டு குழுவில் இருக்கும் இளையவர்கள் வீட்டுக்கு வந்து, "சார், பூங்காவுக்கு இருபது லட்சம் ஒதுக்கியிருக்கிறார்களாம். அது ஒழுங்காகச் செலவாகிறதா என்று எப்படிப் பார்ப்பது?" என்று கேட்கிறார்கள். திண்ணையில் உட்கார்த்தி ஒவ்வொருவருக்கும் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தின் நாகர்கோவில் மாநகராட்சியை மனத்தில் வைத்து எழுதினாலும் குளச்சல், பத்மநாபபுரம், குழித்துறை, கொல்லங்கோடு நகராட்சிகளுக்கும் இது பொருந்தும். பேரூராட்சிகளுக்கான சிறு மாற்றங்களைப் பிற்பாடு சொல்கிறேன்.

என் கட்சியை, அதாவது என் வாதத்தை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூங்காவைக் கட்டும் பணத்தை ஊரே பார்க்கிறது. அதைப் பராமரிக்கும் பணத்தை யாரும் பார்ப்பதில்லை. நம் மாவட்டத்தில் செத்துக் கிடக்கும் பூங்காக்களில் பெரும்பாலானவை திருட்டால் சாகவில்லை, கவனிப்பாரில்லாமல் செத்தன. குழு இந்த இரண்டையும் பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் பராமரிப்பைப் பாருங்கள்.

குழு என்றால் எந்தக் குழு?

அரசமைப்புச் சட்டத்தின் 12ஆம் அட்டவணை நகர உள்ளாட்சிகளுக்கு 18 பொறுப்புகளைக் குறிப்பிடுகிறது. அதில் 12ஆவது, பூங்கா, தோட்டம், விளையாட்டுத்திடல் போன்ற வசதிகள். ஆகவே பூங்கா கேட்பது சலுகை கேட்பதாகாது.

நாகர்கோவில் 2019இல் மாநகராட்சி ஆனது. 52 வார்டுகள், 4 மண்டலங்கள். எல்லாவற்றுக்கும் மேலே மாமன்றம். எந்தப் பெரிய செலவும் தீர்மானமாக அங்கே வந்தாக வேண்டும். மன்றத்துக்குள் நிலைக்குழுக்கள் உண்டு. பூங்காவைப் பொறுத்தவரை பணிகள் குழு, நகரமைப்புக் குழு, வரிவிதிப்பு மற்றும் நிதிக் குழு, கணக்குக் குழு ஆகிய நாலும் முக்கியம். நிலம் நகரமைப்பின் வழியாக வரும், வேலை பணிகள் குழுவின் வழியாக வரும், செலவான பிறகு கணக்குக் குழுவின் பார்வைக்குப் போகும்.

கீழே, நம் தெருவுக்குப் பக்கத்தில் இருப்பவை வார்டு குழுவும் பகுதி சபையும். மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள் தொகை உள்ள நகரங்களில் வார்டு குழு கட்டாயம் என்பது அரசமைப்புச் சட்டம். 2011 கணக்கெடுப்பில் நாகர்கோவிலுக்கு 2.25 லட்சம் அளவில்தான் மக்கள் தொகை. ஆனாலும் மாநில அரசு 2022இல் கொண்டுவந்த விதிகள் சிறிய நகரங்களுக்கும் வார்டு குழுவைக் கொடுத்தன. கவுன்சிலர் அதன் தலைவர். வார்டைப் பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஓர் உறுப்பினர். இவர்கள் தேர்தலில் நின்று வருபவர்கள் அல்லர், நியமிக்கப்படுபவர்கள். அதனால் கவுன்சிலரின் சொந்தக்காரர்களே நிறைந்த குழுக்களையும் பார்த்திருக்கிறேன், கவுன்சிலரையே திணறடித்த ஓய்வுபெற்ற டீச்சரையும் பார்த்திருக்கிறேன்.

பகுதி சபைதான் உங்களையும் என்னையும் போன்ற சாதாரண வாக்காளர் உட்காரும் இடம். ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என்று ஆண்டில் நாலு நாட்கள் அதற்குக் குறிக்கப்பட்டுள்ளன. முதல் கூட்டம் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நடந்தது. நமக்கு அந்தத் தேதி வேறு காரணத்துக்காகவும் மறக்காது. 1956இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து நாம் அன்றைய சென்னை மாநிலத்தோடு, அதாவது இன்றைய தமிழ்நாட்டோடு, சேர்ந்த நாள் அது.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். வார்டு குழுவுக்குக் காசோலையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லை. பரிந்துரைக்கலாம், பார்வையிடலாம், கேள்வி கேட்கலாம், கேட்டதைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்யலாம். கடைசியில் சொன்னதுதான் பெரிய பலம். வாயால் கேட்ட கேள்விக்கு வாயாலே பதில் வரும். குறிப்புப் புத்தகத்தில் ஏறிய கேள்வி, தணிக்கைக்காரர் வரும்போது எழுந்து நிற்கும்.

முதல் வேலை: நிலத்தின் காகிதம்

பணத்தைப் பார்ப்பதற்கு முன் மண்ணைப் பாருங்கள். நிலம் யாருடையது என்று தெரியாமல் கட்டிய பூங்கா, இரவல் சட்டையில் பொத்தான் தைத்தது போல.

பூங்கா நிலம் நம் ஊரில் பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது, மனைப்பிரிவில் விடப்பட்ட பொது இடம். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட, அதாவது நம் கணக்கில் ஏறத்தாழ 74 சென்ட்டுக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரித்தால், சாலை போக மீதியில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக விட வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை, நிலம் விட முடியாத நிலையில் அதற்கு ஈடான தொகை செலுத்தலாம். அதற்கு மேல் போனால் நிலமாகவே கொடுத்தாக வேண்டும். கொடுப்பது என்றால் வரைபடத்தில் பச்சை வண்ணம் அடிப்பது ஆகாது. உள்ளாட்சியின் பெயருக்குத் தானப் பத்திரம் பதிவு செய்து கொடுப்பதுதான் கொடுப்பது.

தவறு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. மனை விற்கும் நோட்டீசில் ஊஞ்சலும் சறுக்குமரமும் அழகாக இருக்கும். பத்திரம் பதிவாகியிருக்காது. பத்து வருடம் கழித்து விலை ஏறியதும் "பூங்கா" என்று நாம் நம்பிய 12 சென்ட் இரண்டு மனைகளாக மாறிவிடும். எனவே குழு செய்ய வேண்டியது இது: அங்கீகரித்த மனைப்பிரிவு வரைபடத்தின் நகலை நகரமைப்புப் பிரிவில் கேளுங்கள். அதில் உள்ள சர்வே எண்ணுக்குப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் எடுங்கள். தானப் பத்திரம் அதில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், நகர நிலஅளவைப் பதிவேட்டில் பெயர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பத்திரம் நடந்தும் பெயர் மாறாமல் கிடக்கும் நிலங்கள் உண்டு. கடைசியாக, நிலஅளவைத் துறையின் அளவு வரைபடமான புலப்படத்தை எடுத்துக்கொண்டு நேரில் போய் நாலு மூலையையும் அளந்து பாருங்கள். என் அனுபவத்தில் நாலாவது மூலை எப்போதும் யாரோ ஒருவரின் சுற்றுச்சுவருக்குள் இருக்கும்.

அகஸ்தீஸ்வரம், கல்குளம் பக்கம் பழைய ஆதாரங்கள் திருவிதாங்கூர் காலத்தவை. சில மலையாளத்தில் இருக்கும். படிக்கத் தெரிந்த பாட்டா ஒருவரை இப்போதே கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது.

இரண்டாவது வழி, உள்ளாட்சியின் சொந்த நிலம் அல்லது புறம்போக்கு. நகரின் நடுவில், வேப்பமூட்டில் உள்ள மாநகராட்சிப் பூங்கா போன்றவற்றில் நிலப் பிரச்சினை வராது. மற்ற புறம்போக்குகளில் வகைப்பாட்டைப் பார்க்க வேண்டும். வருவாய்த்துறைப் பதிவேட்டில் அது ஓடை என்றோ பாதை என்றோ இருந்தால் அங்கே சிமெண்ட் போடக் கூடாது.

மூன்றாவது, குளக்கரை. குளங்கள் நிறைந்த மாவட்டம் என்பதால் நமக்கு இந்த ஆசை அதிகம். கரையில் நடைபாதை போட்டு, பெஞ்ச் வைத்து, விளக்கு நட்டால் ஊருக்கு நல்லதுதான். ஆனால் பல குளங்கள் நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. அந்தத் துறையின் தடையின்மைச் சான்று கோப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். நடைபாதை கரைக்கு மேல் வருகிறதா, நீர்ப்பரப்பை மண்போட்டு நிரப்பிய இடத்தில் வருகிறதா என்பதையும் பாருங்கள். குளத்தைச் சுருக்கிப் பூங்கா போட்டால், ஐப்பசி மழையில் குளம் தன் இடத்தைக் கேட்டு வரும். பேவர் பிளாக்குகள் மிதந்து போனதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்த வேலைக்கு அளவெழுதிய பாவம் எனக்கும் உண்டு.

பூங்கா என்று ஒதுக்கிய இடத்தை வேறு எதற்காவது மாற்ற வேண்டும் என்று யாராவது கிளம்பினால், அது அங்கன்வாடியோ சமுதாயக் கூடமோ எவ்வளவு நல்ல காரியமானாலும், குழு ஒரு தீர்ப்பை நினைவில் வைத்திருக்கட்டும். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்த வழக்கில், அப்படிக் கொடுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சொன்னது. முத்தப்பா வழக்கு என்று சொன்னால் எந்த வக்கீலுக்கும் புரியும்.

இரண்டாவது: பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது?

"அரசு பணம்" என்று ஒரே பை கிடையாது. எந்தப் பையோ அந்தப் பைக்குரிய நிபந்தனை. கோப்பைக் கேட்டதும் முதல் பக்கத்தில் "நிதி ஆதாரம்" என்ற வரியைத் தேடுங்கள்.

மாநகராட்சியின் சொந்த நிதி என்றால் அது நீங்களும் நானும் கட்டும் சொத்துவரி. உள்ளாட்சிக் கணக்கு மூன்று நிதிகளாக ஓடுகிறது: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி. பூங்காச் செலவு முதலாவதில் வர வேண்டும். மற்ற இரண்டில் எங்காவது தலைகாட்டினால் ஏன் என்று கேளுங்கள்.

மத்திய திட்டங்களில் முக்கியமானது அம்ருத். 2015இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் நாகர்கோவிலும் இடம்பெற்றது. ஆனால் திட்டச் செலவில் 2.5 விழுக்காட்டுக்கு மேல் பசுமைவெளிகளுக்குப் போகக் கூடாது என்று உச்சவரம்பு வைத்திருந்தார்கள். குடிநீருக்கும் பாதாளச் சாக்கடைக்கும்தான் பெரும் பங்கு. "அம்ருத்தில் பூங்கா" என்று பலகை மட்டும் பெரிதாக இருக்கும். 2021இல் வந்த அம்ருத் 2.0 நீர்நிலைச் சீரமைப்பையும் சேர்த்துக்கொண்டதால் குளக்கரைப் பூங்காக்களுக்கு அதில் வாய்ப்பு வந்தது. மத்திய நிதிக்குழு (மன்றத்தின் நிதிக் குழு அல்ல) தரும் மானியத்தில் ஒரு பகுதி குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப்போட்டது. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு 15ஆவது நிதிக்குழு, பத்து லட்சத்துக்குக் குறைந்த நகரங்களுக்குக் கட்டுப்பாடற்றதாக விட்டது 40 விழுக்காடுதான். பூங்கா கேட்பதானால் கட்டுப்பாடற்ற அந்தப் பங்கில்தான் கேட்க வேண்டும்.

மாநிலத்தில் கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினரின் நிதி 5 கோடி. இவற்றில் பூங்கா வந்தால் பெஞ்சின் முதுகில் பெயர் வரும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பெஞ்ச் உறுதியாக இருந்தால் சரி.

நான் அதிகம் பரிந்துரைப்பது நமக்கு நாமே திட்டம். மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும் என்பது அதன் பொது ஏற்பாடு. ஆறு லட்ச ரூபாய் வேலைக்கு இரண்டு லட்சம். நூறு வீடுகள் இருந்தால் வீட்டுக்கு இரண்டாயிரம். தன் கையிலிருந்து இரண்டாயிரம் போட்டவர், வேலை நடக்கும்போது வேடிக்கை பார்க்க மாட்டார். இதைவிடச் சிறந்த கண்காணிப்பு முறையை எந்தச் சட்டத்திலும் நான் படித்ததில்லை.

கவனிக்காமல் விடப்படும் இன்னொரு பை உண்டு. மனைப்பிரிவுக்காரர்கள் நிலத்துக்குப் பதிலாகச் செலுத்திய திறந்தவெளித் தொகை. அது எவ்வளவு வசூலானது, எந்தக் கணக்கில் நிற்கிறது, எதற்குச் செலவானது என்று ஒரே ஒரு கேள்வியைப் பகுதி சபையில் போட்டுப் பாருங்கள். கூட்டம் சற்று நேரம் அமைதியாக இருக்கும்.

மூன்றாவது: மதிப்பீட்டைப் படிப்பது

பொறியியல் பிரிவு போடும் மதிப்பீட்டில் இரண்டு பகுதிகள் இருக்கும். சுருக்கம் ஒரு பக்கம், விரிவு பல பக்கம். எல்லோரும் சுருக்கத்தைப் பார்த்து மொத்தத் தொகையைச் சொல்லிக்கொண்டு திரிவார்கள். நீங்கள் விரிவைக் கேளுங்கள். நீளம், அகலம், உயரம் என்று மூன்று பத்திகள் அதில் இருக்கும். கணக்கு பள்ளிக்கூடப் பெருக்கல்தான், பயப்பட ஒன்றுமில்லை.

முதலில் ஓர் ஏமாற்றம். 20 லட்சம் என்றால் 20 லட்சத்துக்கும் வேலை நடக்காது. 18 விழுக்காடு சரக்கு சேவை வரி, ஒரு விழுக்காடு கட்டுமானத் தொழிலாளர் நல நிதி எல்லாம் அதற்குள் அடக்கம். மண்ணும் கல்லும் கம்பியும் 16, 17 லட்சத்துக்குத்தான். இது தெரியாமல் "இருபது லட்சத்துக்கு இதுதானா?" என்று சண்டை போட்ட குழுக்கள், நியாயமான இன்னொரு கேள்வியைக் கேட்கும்போது மதிப்பிழந்து நின்றன.

அடுத்து, எந்த இனத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். நுழைவாயில் வளைவுக்கு நாலு லட்சமும் மரக்கன்றுகளுக்கு இருபதாயிரமும் இருந்தால் அது பூங்காவா, வளைவா என்று கேட்கலாம். கழிப்பறை இருக்கிறதா? இருந்தால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஆழ்துளைக் கிணறு மதிப்பீட்டில் இல்லாமல் கழிப்பறை மட்டும் இருந்தால், அது கட்டி முடித்த நாளிலிருந்தே பூட்டியிருக்கும். சக்கர நாற்காலி ஏற சரிவுப் பாதை இருக்கிறதா? வாசலில் மோட்டார் சைக்கிள் நுழையாமல் இருக்கப் போடும் இரும்புத் தடுப்பில் சக்கர நாற்காலியும் சேர்த்துத் தடுக்கப்படுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன்.

கடலோர வார்டுகளுக்குத் தனியாக ஒன்று. குளச்சல், முட்டம் பக்கத்து உப்புக்காற்றில் சாதாரண வர்ணம் அடித்த இரும்பு ஊஞ்சல் சீக்கிரமே பொரிந்துவிடும். துத்தநாக முலாம் போட்ட குழாய் என்று மதிப்பீட்டில் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டால் ஒப்பந்தக்காரர் போட மாட்டார், போடாததற்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது.

நான்காவது: டெண்டர்

இதில் குழுவுக்கு வேலை கொஞ்சம்தான். 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000ஆம் ஆண்டின் விதிகளும் நேரம் குறித்திருக்கின்றன. 2 கோடி வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைத்தால் காரணம் எழுத வேண்டும். அரசின் மின்னணு ஒப்பந்தப்புள்ளி இணையதளத்தில் அறிவிப்பு வந்ததா, எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்று பாருங்கள். ஒரே பூங்காவின் நடைபாதை, சுவர், விளக்கு மூன்றையும் மூன்று சிறு வேலைகளாக வெட்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். சில நேரம் நியாயமான காரணம் இருக்கும். மின்வேலைக்குத் தனி உரிமம் வேண்டும் அல்லவா? பணி ஆணையின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள முடிவுத் தேதியும் குறைபாட்டுப் பொறுப்புக் காலமும் பிறகு தேவைப்படும்.

ஐந்தாவது: வேலை நடக்கும்போது

நேரத்தைச் செலவிடுங்கள் என்று நான் கெஞ்சும் இடம் இது.

முதலில் பருவம். நமக்கு இரண்டு மழை. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. இடைவெளியும் உலர்ந்து கிடக்கும் என்று சொல்ல முடியாது. நிம்மதியாக மண்வேலை செய்யக் கிடைப்பது ஜனவரி முதல் மே வரைதான். நிதியாண்டோ மார்ச்சில் முடிகிறது. ஆணை செப்டம்பரில் வந்தால், மழையில் கிடந்து, பிப்ரவரியில் அவசர அவசரமாகத் தொடங்கி, மார்ச் 31க்குள் பில் போட ஓடுவார்கள். அந்த ஓட்டத்தில்தான் நடைபாதைக் கனம் குறையும். ஆகவே தீர்மானம் போடும்போதே மழைக்காலத்துக்குள் தாள் வேலையை முடித்து, தை பிறந்ததும் மண்ணில் கை வைக்கும்படி கேளுங்கள்.

கண்ணுக்குத் தெரியாமல் போகும் வேலையைக் கண்ணுக்குத் தெரியும்போதே பார்க்க வேண்டும். சுவரின் உயரத்தை எப்போது வேண்டுமானாலும் அளக்கலாம். அஸ்திவாரத்தின் ஆழத்தை மூடிய பிறகு எப்படி அளப்பீர்கள்? வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டிய அன்று மாலையில் ஒரு குச்சியையும் டேப்பையும் உள்ளே நிறுத்திக் கைபேசியில் படம் எடுங்கள். தேதி தானாகப் பதிவாகும். கான்கிரீட் போடுவதற்கு முன் கம்பி கட்டியதையும் அப்படியே எடுங்கள்.

மண் நிரப்புவது இன்னும் வழுக்கலான இடம். 40 சென்ட் பூங்காவை 30 செ.மீ. உயர்த்த வேண்டும் என்றால் ஏறத்தாழ 485 கன மீட்டர் மண். 20 செ.மீ. மட்டும் போட்டுவிட்டால் 160 கன மீட்டருக்கு மேல் மிச்சம், அதாவது நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் 57 யூனிட் மண். புல் முளைத்த பிறகு அது 20ஆ 30ஆ என்று எந்தப் பொறியாளராலும் பார்வையால் சொல்ல முடியாது. வழி எளிது: மண் வருவதற்கு முன், அசையாத ஒன்றில், பக்கத்து மதகிலோ மின்கம்பத்தின் அடியிலோ, மட்டக்கோடு ஒன்று வரைந்து உதவிப் பொறியாளர் முன்னிலையில் குறித்துக்கொள்ளுங்கள். செம்மண் கேட்ட இடத்தில் கட்டட இடிபாடு வந்து இறங்குகிறதா என்பதை அந்தத் தெருவில் காலையில் பால் வாங்கப் போகிற யாரும் சொல்லிவிடுவார்கள்.

நடைபாதைக் கணக்கு இப்படி. 150 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 10 செ.மீ. கனம் என்றால் 22.5 கன மீட்டர் கான்கிரீட். கனம் 7 செ.மீ. ஆனால் 15.75. வித்தியாசம் முப்பது விழுக்காடு. மேலே நடப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான், முதல் மழைக்குப் பிறகுதான் தெரியும். பலகை அடித்த அன்றே பலகையின் உயரத்தை அளந்தால் போதும்.

அளவுப் புத்தகம் என்று ஒன்று உண்டு. வேலையின் ஜாதகம் அதுதான். ஒப்பந்தக்காரருக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயும் அதில் எழுதிய அளவிலிருந்து பிறக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் பிரிவு 2, தகவல் என்பதற்குத் தாள் நகலை மட்டும் சொல்லவில்லை. வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பதிவேட்டைப் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் அதில் உரிமை தந்திருக்கிறது. பேவர் பிளாக் ஒன்றைச் சான்றோடு கேட்டு வாங்கிய ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். அந்தத் தெருவில் அடுத்த வேலைக்கு வந்த கற்கள் தனித் தரமாக இருந்தன.

இதையெல்லாம் சண்டைக்காரன் முகத்தோடு செய்யாதீர்கள். களத்தில் நிற்கும் பணி மேற்பார்வையாளர் பல வார்டுகளுக்கு ஒரே ஆள். மேலே ஒருவர் அழுத்துவார், கீழே ஒருவர் கெஞ்சுவார். "சார், குழுவிலிருந்து அளவு கேட்கிறார்கள், நான் குறைத்து எழுத முடியாது" என்று சொல்லித் தப்பிக்க அவருக்கு உங்கள் வருகை ஒரு சாக்கு. நான் அந்தச் சாக்குக் கிடைக்காமல் தவித்த ஆள். நல்ல அதிகாரிக்குக் குழு துணை, மற்றவருக்குத்தான் தொந்தரவு.

ஆறாவது: கடைசி பில்லும் ஒப்படைப்பும்

கடைசி பில்லுக்கு முன் கூட்டாய்வு ஒன்று கேளுங்கள். உதவிப் பொறியாளர், ஒப்பந்தக்காரர், குழு உறுப்பினர் இருவர். மதிப்பீட்டில் உள்ள இனங்களை வரிசையாக வாசித்து, இருக்கிறது, இல்லை, குறை என்று குறித்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். விளக்கை இரவில் போய்ப் பாருங்கள். பகலில் பார்த்தால் எல்லா விளக்கும் எரியும் விளக்குதான்.

குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் தேதியைக் குழுப் புத்தகத்தில் எழுதி, ஒரு மாதம் முன்பே நினைவூட்டல் கடிதம் கொடுங்கள். அதற்குள் உடைந்ததை ஒப்பந்தக்காரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். பிடித்து வைத்த வைப்புத்தொகை திரும்பிப் போனபின் கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை ஆண்டுதோறும் கணக்கைப் பார்க்கிறது. அதன் ஆட்சேபணைகளில் உங்கள் பூங்கா இருக்கிறதா என்பதையும் தகவல் சட்டத்தில் கேட்கலாம்.

ஏழாவது: கட்டிய பிறகு

இனி என் கட்சிக்கு வருகிறேன். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் நிலவரப்படி மாற்றிக்கொள்ளுங்கள். காவலும் தோட்டவேலையும் பார்க்கும் ஓர் ஆளுக்கு மாதம் 12,000 என்றால் ஆண்டுக்கு 1,44,000. மின்சாரம் மாதம் 2,000 என்றால் 24,000. இரண்டு மழையிலும் நம் மண்ணில் புல் ஆள் உயரம் போகும். ஆறு தடவை வெட்ட 24,000. பழுது, வர்ணம், உடைந்த ஊஞ்சல் சங்கிலி என்று 30,000. மொத்தம் 2,22,000. பத்து ஆண்டில் 22 லட்சத்தைத் தாண்டுகிறது. கட்டியது 20 லட்சத்துக்கு. தாலி செய்வதைவிடக் குடும்பம் நடத்தச் செலவு அதிகம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், மன்றத்தில்தான் மறந்துபோகும்.

எனவே புதுப் பூங்காவுக்குத் தீர்மானம் வரும் அன்றே, ஆண்டுப் பராமரிப்புக்கு எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் அந்தத் தீர்மானத்தை ஆதரிக்க வேண்டாம் என்று கவுன்சிலரிடம் சொல்லுங்கள். இது கடுமையாகத் தோன்றலாம். வரும் பூங்காவை வேண்டாம் என்பதா என்று வார்டில் கோபிப்பார்கள். நான் இருந்த ஒரு பேரூராட்சியில் அப்படிக் கோபித்து வாங்கிய பூங்காவில்தான் பின்னர் ஆடு கட்டினார்கள்.

மன்றத்தின் வரவு செலவுத் திட்டம் நிதியாண்டு தொடங்குமுன் வரும். டிசம்பர் 10 பகுதி சபையில் பராமரிப்புத் தேவையைத் தீர்மானமாகக் கொடுத்தால் அது பட்ஜெட் எழுதும் நேரத்தில் அலுவலகத்தில் இருக்கும். ஏப்ரல் 14இல் கொடுத்தால் அடுத்த ஆண்டுதான்.

குடியிருப்போர் நலச் சங்கமோ தனியார் நிறுவனமோ பராமரிக்க முன்வந்தால் நல்லது. ஆனால் மன்றத் தீர்மானமும் எழுத்து உடன்படிக்கையும் வேண்டும். எத்தனை ஆண்டு, திறக்கும் நேரம் என்ன, கட்டணம் உண்டா, விளம்பரப் பலகை எத்தனை அடி, சாவி யாரிடம் என்பவை அதில் இருக்கட்டும். சங்கத்தின் கைக்குப் போன பூங்காவில் பக்கத்துக் காலனிப் பிள்ளைகளுக்கு நுழைவு மறுப்பதும் நடக்கிறது. பொதுப்பணத்தில் கட்டிய இடத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள்.

செடிகளைப் பற்றி ஓர் ஆலோசனை. அழகுக்காகத் தண்ணீர் குடிக்கும் புல்தரையை விரிக்கச் சொல்லாதீர்கள். புன்னை, வேம்பு, பூவரசு போன்றவை நம் காற்றுக்குப் பழகியவை. முதல் இரண்டு கோடை தாண்டினால் பிறகு அவை யாரையும் கேட்பதில்லை. பூவுக்குப் பேர்போன நம் தோவாளையில் விளையும் பூக்களை விட்டுவிட்டு, எங்கிருந்தோ வரும் தொட்டிச் செடிக்குப் பில் போடுவது எனக்கு இன்றுவரை புரியாத பொறியியல்.

பதில் வராவிட்டால்

முதலில் எழுத்தில் கேளுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். அடுத்து தகவல் மனு. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை, 30 நாள். பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் ஆணையத்துக்கு இரண்டாவது. மனுவில் "ஏன்" என்று கேட்காதீர்கள். "இன்ன பூங்காப் பணியின் நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, விரிவான மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகப் பக்கங்கள், இதுவரை வழங்கிய தொகை ஆகியவற்றின் நகல்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பெயர் சரியாக இருந்தால் நழுவ இடம் குறைவு.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம், முதல்வரின் 1100 உதவி எண் இரண்டும் விளக்கு எரியாதது, புல் வெட்டாதது போன்றவற்றுக்குப் பயன்படும். பணம் தவறாகப் போயிருக்கிறது என்று ஆவணமே சொன்னால், 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உள்ள உள்ளாட்சி முறைமன்ற நடுவத்துக்கு எழுதலாம். லஞ்சம் என்றால் ஊழல் தடுப்புத் துறை. சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே போகாதீர்கள். அளவுகளோடு போங்கள்.

பேரூராட்சிகள் நிறைந்த மாவட்டம் நம்முடையது. அங்கே ஆணையருக்குப் பதில் செயல் அலுவலர், கையிருப்பு குறைவு, பொறியாளர் பல ஊர்களுக்குப் பொது. ஆனால் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதால் கேள்வி சீக்கிரம் உரிய காதுக்குப் போகும். ஊராட்சி என்றால் பகுதி சபைக்குப் பதில் கிராம சபை, அங்கே நடைமுறையே வேறு.

வரும் பகுதி சபைக்குப் போகும்போது ஐம்பது அடி டேப் ஒன்று, வில்லங்கச் சான்றின் நகல் ஒன்று, கடைசியாக நடந்த வேலையின் பணி ஆணை ஒன்று கையில் இருக்கட்டும். கூட்டம் நடக்கும் இடம் பூங்காவாகவே இருந்தால் நல்லது. திறந்துவிடச் சொல்லி ஒரு நாள் முன்பே கடிதம் கொடுத்துவிடுங்கள்.